பிழை

கண்ணாடிக் கூண்டைக் கவிழ்க்கும் முன்
ராய்லி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.
ரப்பர் விளிம்பு பாசியில் அழுந்தப் பதிந்ததும்
காற்று போகும் திசையில் பத்தடி தள்ளிப் போய்
நுரையீரலைத் திறந்துவிடுகிறாள்.
ஃபின்லாந்தின் வடகோடி.
ஊர் என்று பெயருக்கு ஒரு பெட்ரோல் பங்க்.
அதைத் தாண்டினால் பைன் மரங்கள், பைன் மரங்கள்,
நடுவே அளவைக் கோபுரம்.

கூண்டுக்குள் லிங்கன்பெர்ரி பதினேழு செடி,
கொஞ்சம் பாசி, எறும்பு வந்தால் எறும்பு.
அவளுடைய ஒரே ஒரு மூச்சு உள்ளே நுழைந்தாலும்
அத்தனை செடியின் காலை உழைப்பும்
திரையில் காணாமல் போய்விடும்.
அட்டவணையில் அதற்குப் பெயர் பிழை.

முதல் நான்கு நிமிடம் வெளிச்சத்தில்.
அடுத்த நான்கு, கறுப்புத் துணி போர்த்தி.
இருட்டில் செடி சமைப்பதில்லை,
மூச்சு மட்டும் விடுகிறது.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான்
ஒளிச்சேர்க்கை.
பச்சை தன் வரவை யாருக்கும் காட்டாது,
செலவை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.
அவள் அண்ணன் டௌனோவின்
பனிவண்டிப் பட்டறை வருமானத்தை
வரி அலுவலகம் கண்டுபிடித்ததும்
இப்படித்தான்.

வானொலியிலிருந்து வந்தவன் கேட்டான்:
காடு மூச்சுவிடுவது ராத்திரியில்தானே?
நீ எப்போது விடுவாய், என்றாள் ராய்லி.
அந்தப் பகுதியை அவர்கள் ஒலிபரப்பவில்லை.

ஜூனில் சூரியன் மறைய மறந்துவிடுகிறது.
நள்ளிரவில் அடிமரங்கள் செம்பு நிறம்.
அப்போதும் தரையோரம் வெளிச்சம் இளைத்து
ஒரு கட்டத்தில்
எடுப்பதும் கொடுப்பதும் சரிக்குச் சரி.
கோடு பூஜ்யத்தைத் தொடுகிறது.
காடு அங்கே நிற்பதாகத் தோன்றும்.
நிற்கவில்லை;
இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஜூலை ஒன்பது, அதிகாலை இரண்டு நாற்பது:
கோடு செங்குத்தாக எகிறியிருந்தது.
நான் கூண்டருகே இல்லையே, என்று
மூன்று முறை குறிப்பேட்டைப் புரட்டினாள்.
பிறகு கேமராப் படம்.
ஒரு கலைமான்,
திறந்திருந்த கூண்டுக்குள் மூக்கை நீட்டி,
செடியைத் தின்னாமல்
சும்மா மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்:
கலைமான்.
ஓலு நகரத்து அலுவலகம் அந்த வரியை நீக்கியது.

பிழைத்தல் என்றால் எங்கள் மொழியில்
தவறுவது, உயிரோடு இருப்பது,
இரண்டும்தான்.
அவள் மொழியில் இரண்டு சொல் வேண்டும்.

அக்டோபரில் பனி வரவில்லை.
மண் வெதுவெதுப்பாக, ஈரமாக.
வெளிச்சமோ
மாலை மூன்று மணிக்கே கடை கட்டிக்கொண்டிருந்தது.
வேர்களுக்கு அது தெரியாது.
பூஞ்சைகளுக்குத் தெரிந்தும் கவலையில்லை.
கோடையில் சேர்த்த சர்க்கரையை எடுத்து
விருந்து வைத்ததுபோல் மூச்சு, மூச்சு.
வராந்தாவில் சட்டையோடு நின்று டௌனோ சொன்னான்,
என்ன அருமையான இலையுதிர்காலம்.
ராய்லி பதில் சொல்லவில்லை.

டிசம்பர். ஆண்டுக் கணக்கு.
சதுர மீட்டருக்குக் கழித்தல் நான்கு கிராம்.
ஒரு தேக்கரண்டிக் கரி.
போன வருடம் கூட்டல் பதினொன்று.
கலைமானை விட்டு மறுபடி கூட்டினாள்,
கலைமானைச் சேர்த்தும் கூட்டினாள்.
நான்கு நான்காகவே இருந்தது.

இப்போது நாட்டுக்கே
கறுப்புத் துணி போர்த்தியாயிற்று.
பனிக்கு அடியில், இலை உதிர்க்கத் தெரியாத லிங்கன்பெர்ரி
சேமிப்பிலிருந்து மிகக் கொஞ்சமாக எடுத்து
இன்றைய நாளைக் கழிக்கிறது.

கூண்டின் கீலைச் சரிபார்க்க
நெற்றிவிளக்கோடு போகிறாள்.
கருவி அணைந்து கிடக்கிறது. இருந்தும்
குனிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.
பனியை விலக்கினால் ஒரே ஒரு இலை,
விளிம்பில் பழுப்பேறி,
நடுவில் பச்சை.
பிடித்திருந்தது தானாக வெளியேறி
விளக்கொளியில் வெள்ளையாக நிற்கிறது,
அவள் முகத்துக்கும் இலைக்கும் நடுவில்.
குறித்துக்கொள்ள யாரும் இல்லை.